வாணவேடிக்கையும் தீமூட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுவிழா என்றால் வானத்தில் ஒரு வெளிச்சம், தரையில் ஒரு நெருப்பு. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். இவற்றால் வரும் கேடுகளைப் பேச ஆரம்பித்தால் ஆட்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் "எல்லாவற்றையும் தடை செய்" என்கிறது, மறுபக்கம் "ஒரு நாள் சந்தோஷத்தில் கை வைக்காதே" என்கிறது. எனக்கு வாணவேடிக்கை பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்த விஷயம் என்பதால்தான் இதைக் கொஞ்சம் தோண்டிப் படித்தேன். திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும் எனக்குக் கிடைத்த பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வருஷத்தில் ஒரு நாள்தானே, அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்குப்படி, அந்த நாட்டில் பட்டாசுகளால் வருஷத்துக்குச் சுமார் 2,050 டன் துகள்மாசு வெளியாகிறது. நாட்டின் மொத்தத் துகள்மாசில் இது 1 சதவீதம் அளவுதான். வாகனம், தொழிற்சாலை, விறகடுப்பு எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை.

ஆனால் அந்த 2,050 டன்னில் ஏறக்குறைய முக்கால் பங்கு புத்தாண்டு இரவு ஒன்றில் வெளியாகிறது. சிக்கல் இங்கேதான். வருஷ சராசரி மழையை மட்டும் பார்த்தால் எந்த ஊரிலும் வெள்ளமே வந்திருக்காது. ஆண்டு முழுக்கப் பரவ வேண்டியது ஒரு மணி நேரத்தில், ஒரு மைதானத்தைச் சுற்றி, ஆட்கள் மூச்சுவிடும் உயரத்தில் இறங்கும்போது சராசரிக்கு அர்த்தம் போய்விடுகிறது.

அமெரிக்காவில் ஜூலை 4 சுதந்திர தினத்தன்று பதிவான காற்று அளவுகளை 315 இடங்களில் இருந்து எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். 24 மணி நேரச் சராசரியாக நுண்துகள் அளவு 42 சதவீதம் கூடியிருந்தது. வாணவேடிக்கை நடந்த இடத்தை ஒட்டியிருந்த ஒரு நிலையத்தில் 370 சதவீதம். இரவு 9 மணியிலிருந்து 10 மணிக்குள் உச்சம், மறுநாள் நண்பகலுக்குள் பழைய நிலை. ஆக, ஒரு நாள்தான் என்பது உண்மை. அந்த ஒரு நாளில் நீங்கள் எந்த இடத்தில், எந்த மணிக்கு நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான பதில்கள் இதையே சுற்றி வரும்.

பட்டாசுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

அடிப்படை மருந்து பல நூற்றாண்டுகளாக மாறவே இல்லை. வெடியுப்பு சுமார் 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. வெடியுப்பு ஆக்சிஜன் தருகிறது, மற்ற இரண்டும் எரிகின்றன. கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடு ஆகிறது. மூக்கைக் காந்தும் அந்த "பட்டாசு வாசனை"யில் பெரும்பகுதி கந்தகச் சேர்மங்களுடையது.

வண்ணம் உலோகங்களால் வருகிறது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்குச் சோடியம். வெள்ளிப் பொறிக்கு அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம். நல்ல நீலம் கொண்டுவருவது மிகக் கடினம். வெப்பம் கொஞ்சம் கூடினாலும் செம்பின் நீலம் வெளிறிவிடும். அடுத்த முறை அழகான நீலத்தைப் பார்த்தால் செய்தவரை மனதுக்குள் பாராட்டிவிடுங்கள்.

உலோகம் எரிந்து மறைந்துவிடாது. வேறு சேர்மமாக மாறித் துகளாகப் புகையில் மிதந்து, பிறகு தரையிலும் தண்ணீரிலும் படிகிறது. வண்ண வெடிகளில் வெடியுப்புக்குப் பதிலாகவோ கூடவோ பெர்குளோரேட் என்ற உப்பும் சேர்க்கிறார்கள். அதைப் பற்றித் தண்ணீர்க் கேள்வியில் பார்க்கலாம்.

அதே அளவு வெடித்தாலும் சில ஆண்டுகளில் புகை கண்ணை மறைக்கிறதே, ஏன்?

வானிலைதான் காரணம். சாதாரணமாகத் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும், மேலே எழும், புகையையும் தூக்கிக்கொண்டு போகும். தெளிந்த, காற்றில்லாத, குளிர்ந்த இரவுகளில் இது தலைகீழாகிறது. தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான ஒரு அடுக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. வெப்பத் தலைகீழாக்கம் என்று இதற்குப் பெயர். புகைக்குப் போக வழி இருக்காது. ஈரப்பதமும் அதிகமாக இருந்தால் துகள்களைச் சுற்றி நீர் படிந்து, புகை அடர்ந்த மூடுபனியாகவே மாறிவிடும். சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது நிஜமான ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், வாணம் பார்க்க எல்லாரும் விரும்புவது இந்த மாதிரி அசைவில்லாத, நட்சத்திரம் தெரியும் இரவைத்தான். மெல்லிய காற்று வீசும் இரவுதான் உண்மையில் நல்லது. புகை விலகினால் அடுத்த வாணமும் தெளிவாகத் தெரியும். காற்று வரும் பக்கத்தில் கூட்டம் நின்றால் போதும்.

நுண்துகள் என்கிறார்களே, அது உடம்பை என்ன செய்யும்?

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். தலைமுடியின் குறுக்களவில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் இதைப் பிடிக்காது. நுரையீரலின் அடிவரை போகும், மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 மணி நேர அளவு ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய விழா இரவில் இது பல மடங்கு தாண்டும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு அன்றிரவு தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சலோடு போய்விடலாம். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அதே காற்று வேறு மாதிரி வேலை செய்யும். துணி முகக்கவசமும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் துகளுக்குப் பெரிதாக உதவாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகை உதவும்.

வெடிதான் ஆபத்து, மத்தாப்பு, பாம்பு மாத்திரை எல்லாம் குழந்தைகளுக்குப் பரவாயில்லை, இல்லையா?

சத்தம், காயம் என்று பார்த்தால் ஓரளவு சரி. புகை என்று பார்த்தால் நேர்மாறு. புனேயில் ஒவ்வொரு வகைப் பட்டாசையும் தனித்தனியாகக் கொளுத்தி நுண்துகளை அளந்தார்கள். முதலிடம் பிடித்தது, வெடிக்கவே வெடிக்காத பாம்பு மாத்திரை. அடுத்து ஆயிரம் வாலா சரவெடி. கம்பி மத்தாப்பும் தரைச்சக்கரமும் புஸ்வாணத்தை விட அதிகம் கக்கின.

சத்தம் கேட்டால் பெரியவர்கள் தள்ளி நிற்கிறார்கள். மத்தாப்பையோ ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு, பாம்பு மாத்திரையைக் குனிந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது குழந்தை. வானத்தில் 100 மீட்டர் உயரத்தில் வெடிக்கும் வாணத்தின் புகை நம்மிடம் வருவதற்குள் நன்றாக நீர்த்துவிடுகிறது. மூக்குக்கு நேராகப் புகையும் மாத்திரை அப்படி இல்லை. வீட்டில் ஏதாவது ஒன்றை நிறுத்தலாம் என்று நினைத்தால் பாம்பு மாத்திரையில் இருந்து ஆரம்பியுங்கள். அழகும் இல்லை, சத்தமும் இல்லை, கறை மட்டும்தான் மிச்சம்.

தீமூட்டம் வெறும் விறகுதானே? இயற்கையானது எப்படிக் கெடுதல் ஆகும்?

வாணவேடிக்கையைத் திட்டுபவர்கள்கூடத் தீமூட்டத்தைச் செல்லமாக விட்டுவிடுகிறார்கள். விறகு இயற்கையானது என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால் விழா நடக்கும் இடத்தின் காற்றைப் பொறுத்தவரை, பல நேரங்களில் தீமூட்டமே மோசமானது என்பது என் எண்ணம்.

முதல் காரணம் உயரம். வாணத்தின் புகை மேலே உருவாகிறது, தீமூட்டத்தின் புகை நம் முகத்துக்கு நேரே. இரண்டாவது நேரம். வாணவேடிக்கை இருபது நிமிடத்தில் முடியும். பெரிய தீமூட்டம் இரவு முழுக்க எரியும், விடிந்த பிறகும் புகையும். நெருப்பு நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும்போது புகை குறைவு. கூட்டம் கலைந்த பிறகு, ஜ்வாலை அடங்கிக் கங்கு புகையும் கட்டத்தில்தான் ஒவ்வொரு கிலோ விறகுக்கும் அதிக மாசு வெளியாகிறது. எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கும்போது பக்கத்துத் தெருக்காரர்களின் ஜன்னலுக்குள் போவது இந்தப் புகை.

விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், பென்சோபைரின் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் உண்டு. இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. மரம் அரைகுறையாக எரிந்தால் இவை கூடும். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, நெருப்பு தணிந்து, வெள்ளைப் புகையாகக் குமுறும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் காய்ந்த விறகு என்றால் கதை வேறு. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம்.

அப்புறம் மண். பெரிய குவியலுக்கு அடியில் மேல்மண் வெந்துபோகிறது. அதில் இருந்த மக்கு எரிந்து, நுண்ணுயிர்களும் வேர்களும் விதைகளும் செத்து, வட்டமாக ஒரு மொட்டைத் திட்டு விழும். அங்கே மறுபடி புல் முளைக்க நெடுநாள் ஆகும். ஒவ்வொரு முறையும் புதிய இடம் தேடாமல், ஒரே இடத்தில் மணல் பரப்பியோ கல் தளத்திலோ மூட்டுவது நல்லது.

பழைய மரச்சாமான், பெயின்ட் அடித்த பலகை இருந்தால் போடலாமா?

வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கரையான் அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்செனிக், குரோமியம், செம்பு மூன்றும் இருக்கக்கூடும். எரித்தால் ஆர்செனிக் கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் அடர்ந்து நிற்கும். ஒட்டுப்பலகையில் பசை. பிவிசி குழாய், வயர், ரெக்சின் போன்றவற்றில் குளோரின். அது குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1990களில், ஊரெங்கும் தீமூட்டம் போடும் நவம்பர் 5-ஐ ஒட்டிக் காற்றில் டயாக்சினை அளந்தபோது வழக்கத்தைப்போல் சுமார் நான்கு மடங்கு இருந்தது. டயர், மெத்தை, பிளாஸ்டிக் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு குவியலிலும் யாரோ ஒருவர் இருட்டில் வந்து ஒரு டயரைச் செருகிவிட்டுப் போகிறார்.

சாம்பலை உரமாகப் போடலாமா?

சுத்தமான விறகின் சாம்பல் என்றால் கொஞ்சமாகப் போடலாம். அதில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. காரத்தன்மை அதிகம் என்பதால் புளிப்பு மண்ணுக்குத்தான் பொருத்தம். ஏற்கெனவே உவர் மண் என்றால் கெடுதல். குவியலில் என்னென்ன போனது என்று உறுதியாகத் தெரியாத பொதுத் தீமூட்டச் சாம்பலைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மரச்சாமான் எரிந்திருந்தால் சாம்பலில் ஆணியும் கிடக்கும்.

காலநிலை மாற்றத்துக்கும் இது காரணமா?

பட்டாசின் கரியமில வாயு மிகச் சிறிது. விழாவுக்கு ஆயிரக்கணக்கில் கார் ஓட்டி வருபவர்களின் பெட்ரோல் அதை விட அதிகமாகவே இருக்கும். தீமூட்டம் சற்றுப் பெரிது. காய்ந்த மரத்தில் பாதி கார்பன், ஆக 1 டன் காய்ந்த விறகு முழுதாக எரிந்தால் சுமார் 1.8 டன் கரியமில வாயு. மரம் மறுபடி வளர்ந்தால் அது திரும்ப உள்வாங்கும் என்ற வாதம் சரிதான், ஆனால் அதற்கு ஆண்டுகள் பல ஆகும். பட்டாசுக்கு எதிரான முக்கிய வாதம் காலநிலை இல்லை. அதைத் தூக்கிப்பிடித்தால் மற்ற உண்மையான வாதங்களும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

ஏரி, குளத்துக்கு மேலே விட்டால் பாதுகாப்புதானே?

தீப்பிடிக்காது என்ற அளவில் பாதுகாப்பு. தண்ணீருக்கு அல்ல. மேலே சொன்ன பெர்குளோரேட் தண்ணீரில் மிக எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நிலத்தடி நீர்வரை இறங்கும். உடம்புக்குள் போனால், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்ளும் வழியில் குறுக்கே நிற்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் பச்சிளங்குழந்தைக்கும் மூளை வளர தைராய்டு ஹார்மோன் அவசியம் என்பதால் கவலை அவர்களைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எய்டா என்ற ஊரில் ஒரு சிறிய ஏரியை வாணவேடிக்கைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து சோதித்து, முடிவை 2007-இல் வெளியிட்டார்கள். வாணவேடிக்கை முடிந்து 14 மணி நேரத்துக்குள் பெர்குளோரேட் அளவு வழக்கத்தைப்போல் 24 மடங்கிலிருந்து 1,028 மடங்குவரை ஏறியிருந்தது. பிறகு நுண்ணுயிர்கள் சிதைத்துச் சிதைத்து, பழைய அளவுக்கு வர 20 முதல் 80 நாள் ஆனது. இது ஆறுதலான செய்திதான். ஆனால் தினசரி அல்லது வாராந்தர வாணவேடிக்கை நடக்கும் இடத்தில் அந்த 80 நாள் இடைவெளி கிடைக்காது.

பாறை நிலத்தில் நிலைமை வேறு. மலையில் நான்கு அமெரிக்க அதிபர்களின் முகம் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோரில் 1998 முதல் 2009 வரை பெரும்பாலான ஆண்டுகளில் வாணவேடிக்கை நடந்தது. அந்நாட்டின் நிலவியல் ஆய்வு நிறுவனம் 2011-லிருந்து 2015 வரை அங்கே நீரைச் சோதித்தது. அதாவது நிகழ்ச்சி நின்ற பிறகு. அப்போதும் ஓடை நீரில் அதிகபட்சம் லிட்டருக்கு 54 மைக்ரோகிராம் பெர்குளோரேட் இருந்தது. சுற்றுவட்டாரத்து நீரிலோ 0.2 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை. புகை நண்பகலுக்குள் போய்விட்டது, உப்பு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

பறவைகள் நிஜமாகவே செத்துவிழுகின்றனவா?

சில நேரம் ஆம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பீபி என்ற சிற்றூரில் 2010 டிசம்பர் 31 இரவு கரும்பறவைகள் ஆயிரக்கணக்கில் வானத்திலிருந்து விழுந்தன. அடைந்திருந்த மரங்களுக்கு அருகே வெடித்த வாணம் கூட்டத்தைக் கிளப்பிவிட்டது. இருட்டில் சரியாகப் பார்க்க முடியாத பறவைகள் வீடுகள், மரங்கள் என்று மோதிச் செத்தன.

இப்படிக் கொத்தாகச் சாவது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதே அதிகம். நெதர்லாந்தில் வானிலை ரேடார் மூலம் புத்தாண்டு இரவுகளைப் பார்த்து 2011-இல் எழுதினார்கள். நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் எழும்புகின்றன, வழக்கமில்லாத 500 மீட்டர் உயரத்தில் திரள்கின்றன, முக்கால் மணி நேரத்துக்கும் குறையாமல் அங்கேயே சுற்றுகின்றன. பின்னால் வந்த இன்னொரு ஆய்வு, வெடிக்கும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர்வரை இந்தக் கலவரம் தெரிவதாகச் சொன்னது.

ஜிபிஎஸ் பொருத்திய காட்டு வாத்துகளின் கதைதான் எனக்கு மறக்கவில்லை. துருவப் பகுதியிலிருந்து குளிர்காலத்துக்கு ஐரோப்பா வரும் இவை, புத்தாண்டு இரவில் அடைந்த இடத்தை விட்டுவிட்டு அதிக உயரத்தில் நெடுந்தூரம் பறந்தன. சில நிற்காமலே 500 கிலோமீட்டர்வரை போயின. அதற்குச் செலவான கொழுப்பை ஈடுகட்ட, அடுத்து வந்த நாட்களில் வழக்கத்தை விட 10 சதவீதம் அதிக நேரம் மேய வேண்டியிருந்தது. உணவு குறைந்த கடுங்குளிரில் இது சின்ன இழப்பு அல்ல. கூடு கட்டி முட்டையிடும் பருவம் என்றால் இன்னும் மோசம். தாய் கிளம்பிப் போன சில நிமிடங்களில் முட்டை குளிர்ந்துவிடும், அல்லது காக்கை கொத்திவிடும்.

ஆகவே விழாக்குழு கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: பக்கத்தில் பறவைகள் கூட்டமாக அடையும் மரமோ ஏரியோ இருக்கிறதா, இப்போது கூடு கட்டும் காலமா? இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கொஞ்ச தூரம் தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

தீமூட்டத்தால் விலங்குகளுக்கு என்ன?

வாரக்கணக்கில் சேர்த்துவைத்த விறகுக் குவியல் ஒரு அருமையான வீடு. ஓணான், பாம்பு, தவளை, எலி, முள்ளெலி எல்லாம் உள்ளே புகுந்துகொள்ளும். சுற்றிலும் ஒரே நேரத்தில் கொளுத்தினால் தப்ப வழியே இல்லை. விறகை வேறிடத்தில் வைத்திருந்து, அன்றைக்கே எடுத்து அடுக்குங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பற்றவையுங்கள்.

என் நாய் நடுங்குகிறது. சமாதானப்படுத்தினால் பயம் கூடும் என்கிறார்களே?

அது தவறான நம்பிக்கை. பயம் என்பது பழக்கவழக்கம் அல்ல, தடவிக் கொடுத்தால் வளர்வதற்கு. பக்கத்தில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, டிவியையோ பாட்டையோ போட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். மிகவும் பயப்படும் நாய் என்றால் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள், இதற்கென்றே மருந்து இருக்கிறது. உங்கள் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மனிதர் காதுக்கு எவ்வளவு தாங்கும்?

திடீர் வெடிச்சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு பெரியவர்களுக்கு 140 டெசிபல், குழந்தைகளுக்கு 120. தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். குழந்தையைத் தோளில் உட்காரவைத்து முன்வரிசையில் நிற்காமல் பின்னால் போங்கள், காதை மூடிவிடுங்கள்.

காட்டுத்தீ அபாயம் உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2017 செப்டம்பரில் 15 வயதுப் பையன் ஒருவன் எறிந்த பட்டாசு சுமார் 48,000 ஏக்கர் காட்டை எரித்தது. 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் குடும்ப விழாவில் கொளுத்திய புகைக்குண்டு 22,000 ஏக்கருக்கு மேல் பரவி ஒரு தீயணைப்பு வீரரின் உயிரையும் எடுத்தது. இரண்டுமே பெரிய வாணவேடிக்கை அல்ல, ஒற்றைப் பட்டாசுதான். காய்ந்த புல்லும் காற்றும் இருந்தால் ஒரு பொறி போதும்.

பசுமைப் பட்டாசு, சத்தமில்லாப் பட்டாசு எல்லாம் தீர்வா?

குறைக்கும், தீர்க்காது. இந்தியாவின் சிஎஸ்ஐஆர்-நீரி ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசின் இலக்கு துகள்மாசைக் குறைந்தது 30 சதவீதம் குறைப்பது. நல்ல முயற்சி. ஆனால் மீதி 70 சதவீதம் அப்படியே இருக்கிறது. "பசுமை" என்ற பெயரைப் பார்த்து இரண்டு பெட்டி கூட வாங்கினால் கணக்கு நேராகிவிடும்.

இத்தாலியின் கொலெக்கியோ ஊர் 2015-இல் சத்தம் குறைந்த பட்டாசு மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. விலங்குகளுக்கு அது பெரிய நிம்மதி. புகையும் உலோகமும் குறையாது. டிஸ்னிலேண்டில் 2004 முதல் கருமருந்துக்குப் பதிலாக அழுத்திய காற்றால் வாணத்தை மேலே எறிகிறார்கள். தரைமட்டப் புகை இதனால் வெகுவாகக் குறைகிறது. எனக்குப் பார்க்க இதுதான் கெட்டிக்காரத்தனமான யோசனை.

ட்ரோன் காட்சி?

புகை இல்லை, உலோகம் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. பேட்டரி தேய்மானம், மழையிலும் பலத்த காற்றிலும் பறக்க முடியாமை, நிறைய ட்ரோன்களுக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவு என்று தொல்லைகள் உண்டு. பறவைகள் அடையும் இடத்தில் இதுவும் தொந்தரவுதான். நெஞ்சில் வந்து மோதும் அந்த "டமார்" இதில் கிடைக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ட்ரோன்கள் வானத்தில் உருவம் வரையும், எழுத்து எழுதும். அதை வேறு ஒரு கலையாகப் பார்த்தால் ஏமாற்றம் வராது.

ஆளாளுக்கு வீட்டு வாசலில் வெடிப்பதா, ஊருக்குப் பொதுவாக ஒரே இடத்தில் நடத்துவதா?

பொதுவாக ஒரே இடம். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். தெருத்தெருவாக வெடித்தால் மாலையில் ஆரம்பித்து நள்ளிரவு தாண்டியும் ஓயாது, புகை வீட்டு வாசலிலேயே உருவாகும், குப்பை சாக்கடைக்குப் போகும். பொது வாணவேடிக்கை என்றால் நேரம் முன்கூட்டியே தெரியும். நாய் வைத்திருப்பவரும், குழந்தையைத் தூங்கவைப்பவரும், இன்ஹேலர் வைத்திருப்பவரும் தயாராகலாம். ஒரே இடத்தைப் பெருக்கினால் போதும். ஆனால் பொது நிகழ்ச்சிக்குப் பிறகு எல்லாரும் வீட்டுக்கு வந்து தனியாகவும் வெடித்தால், இரண்டும் சேர்ந்து பழையதை விட மோசமாகும்.

நாங்கள் விழாக்குழுவில் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் நேரத்தைக் குறையுங்கள். நாற்பது நிமிட வாணவேடிக்கையில் பாதிக்கு மேல் போனால் பார்வையாளர்கள் கைபேசியைப் பார்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இறுக்கமாக அமைத்தால் கைதட்டல் அதிகம், மருந்து குறைவு. வாணம் விடுபவரிடம் கொட்டேஷன் வாங்கும்போதே பெர்குளோரேட், பேரியம் பற்றியும், பிளாஸ்டிக் மூடி இல்லாத ரகம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால்தான் பதில் தயாராக இருப்பதில்லை.

குடிநீர்க் குளம், கிணறு, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பறவை அடையும் மரம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இடம் பாருங்கள். அன்று மாலை காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக் கூட்டத்தை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். காற்றே இல்லாத குளிர் இரவு என்றால் ஒரு நாள் தள்ளிவைக்கும் துணிச்சல் வேண்டும். மாற்றுத் தேதியை அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் சங்கடம் இருக்காது.

தீமூட்டமும் வேண்டும் என்றால் சின்னதாக, காய்ந்த விறகில், மேலிருந்து பற்றவையுங்கள். மேலே எரியும் ஜ்வாலை கீழிருந்து வரும் புகையையும் எரித்துவிடும். முடிந்ததும் கங்குகளை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றுங்கள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மழைக்கு முன்பாகக் குப்பையைக் கூட்டிவிட வேண்டும். எரியாமல் மிஞ்சிய மருந்துதான் தண்ணீரில் கரைவதில் முக்கியமான பகுதி. நமத்துப்போன, வெடிக்காத வெடியை மறுபடி கொளுத்தாதீர்கள், பிரிக்கவும் வேண்டாம். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் வாணம் விட்டவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

எனக்கு ஆஸ்துமா. விழாவுக்குப் போகலாமா?

போகலாம், சில நிபந்தனைகளோடு. இன்ஹேலர் பாக்கெட்டில் இருக்கட்டும், பையில் அல்ல. காற்று உங்கள் முதுகிலிருந்து வாணத்தை நோக்கி வீசும் பக்கத்தில் நில்லுங்கள். திறந்த மேட்டு நிலம் நல்லது, பள்ளமும் சுவர் சூழ்ந்த இடமும் வேண்டாம். தீமூட்டத்துக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள், குளிரடித்தாலும். முடிந்ததும் கூட்டத்தோடு நின்று பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். புகை இறங்குவது வாணம் முடிந்த பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தி, சட்டையை மாற்றி, முகம் கழுவிவிட்டுப் படுங்கள். காலையில் காற்று வீச ஆரம்பித்த பிறகு ஜன்னலைத் திறந்தால் போதும்.